கடுதாசி வந்துச்சா?



போன முறை பணவீக்கம் பற்றி எழுதி எல்லாரையும் தூங்க வைத்துவிட்டேன் என்று வகுப்பில் ஒரு குற்றச்சாட்டு. அதனால் இந்த முறை சரித்திரம். "பி.காம். படிக்கிற பையனுக்கு சரித்திரம் எதுக்குடா?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், நடுவில் ஒரு கழித்தல் கணக்கும் வரும் :-)

விஷயம் எங்கள் பெரியம்மா வீட்டில் தொடங்குகிறது. திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போக வேண்டிய ஊர். பெரியம்மாவின் கடைசிப் பையன் அக்னிவீரராகத் தேர்வாகிப் பயிற்சிக்குப் போனான். எந்த மையம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். விழுப்புரம் ஜங்ஷனில் நாங்கள் ஒன்பது பேர் போய் வண்டி ஏற்றிவிட்டோம். பையில் துணியைவிட முறுக்கும் அதிரசமும்தான் அதிகம் இருந்தன.

போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு பதினேழு நாள் ஒரு சத்தமும் இல்லை. பயிற்சி ஆரம்பித்தால் செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவர்கள் சொல்கிற நேரத்தில்தான் பேச முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன? களை எடுக்கப் போனாலும் போனை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். தெரியாத நம்பர் எது வந்தாலும் "கண்ணு, சாப்பிட்டியா?" என்றுதான் எடுத்தார். ஒருநாள் லோன் வேண்டுமா என்று கேட்க வந்த பெண் இந்தக் கேள்வியில் தடுமாறி "சாப்ட்டேன்மா" என்று சொல்லிவிட்டாளாம்.

அப்படி ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா சொன்னார்: "இது பரவால்லப்பா. உங்க தாத்தா பட்டாளத்துக்குப் போனப்ப உங்க கொள்ளு ஆயாவுக்கு மூணு மாசம் கடுதாசியே வரலயாம். தபால்காரரு தெருமுனையில திரும்புறப்பவே 'கடுதாசி வந்துச்சா?'ன்னு கத்துவாங்களாம்."

அந்த ஒரு வரிதான் என்னைத் தேட வைத்தது. ராணுவத்தைப் பற்றிப் புத்தகங்களுக்குப் பஞ்சமே இல்லை. எந்த ரெஜிமெண்ட் எந்தப் போரில் நின்றது, யாருக்கு என்ன பதக்கம், எல்லாம் தேதி வாரியாகக் கிடைக்கிறது. ஆனால் வீட்டில் காத்திருந்தவர்கள்? அவர்களைப் பற்றி அங்கொரு வரி, இங்கொரு வரி. அந்தத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்ததுதான் இது.

* * *

முதலில் நம் பக்கத்து ஊர்களிலிருந்தே தொடங்குவோம். திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்தவாசி. 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயர்களும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிய இடம். அடுத்த ஆண்டே பாண்டிச்சேரியும் செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. இந்தப் போர்களில் இரண்டு பக்கமும் சிப்பாய்கள் இருந்தார்கள். சிப்பாய்கள் என்றால் நம் ஆட்கள். ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் 1758இல் சிப்பாய்களைப் பட்டாளங்களாக ஒழுங்குபடுத்தியதைத்தான் இன்றைய மெட்ராஸ் ரெஜிமெண்ட் தன் பிறந்த ஆண்டாகக் கொண்டாடுகிறது.

இதில் எனக்கு ஆச்சரியம் தந்த செய்தி வேறு. அந்தக் காலத்து மதராஸ் ராணுவத்தில் சிப்பாய் தனியாகப் போகவில்லை. குடும்பமும் கூடவே போனது! பட்டாளம் தங்கும் இடத்தில் 'லைன்' என்று வரிசையாகக் குடிசைகள் இருக்கும். பெண்டாட்டி, பிள்ளைகள், வயதான அப்பா அம்மா எல்லோரும் அங்கேதான். பட்டாளம் வேறு ஊருக்கு நகர்ந்தால் பின்னாலேயே மாட்டு வண்டிகள், மூட்டை முடிச்சுகள், கைக்குழந்தைகள். சிப்பாய்களின் பையன்களைச் சிறு வயதிலேயே கொஞ்சம் சம்பளம் கொடுத்துப் பட்டாளக் கணக்கில் சேர்த்துக்கொள்வதும் உண்டு. வளர்ந்ததும் அவனே சிப்பாய் ஆவான். அம்மாவுக்குப் பையன் பயிற்சி எடுப்பது கண் முன்னாலேயே தெரியும். கடுதாசிக்குக் காத்திருக்க வேண்டிய வேலையே இல்லை.

கப்பல் ஏறும்போதுதான் சிக்கல். 1762இல் மணிலா, 1810இல் மொரிஷியஸ், 1811இல் ஜாவா என்று மதராஸ் சிப்பாய்கள் கடல் தாண்டிப் போனார்கள். 1824இல் பர்மா சண்டை வந்தபோது வங்காளத்துச் சிப்பாய்களில் ஒரு பிரிவு போக மறுத்து, பாரக்பூரில் துப்பாக்கிச் சூடு வரை போனது. அந்தச் சண்டைக்கு மதராஸிலிருந்து ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். குடும்பங்கள் கரையில் நின்றன.

அப்போது கம்பெனி ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. சிப்பாய் தன் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு ஒதுக்கிவிட்டுப் போகலாம். குடும்பத்தின் கையில் ஒரு சீட்டு. அதைக் காட்டினால் மாதாமாதம் பணம். நம் பாடத்தில் வரும் வங்கி 'நிலை அறிவுறுத்தல்' போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் கடிதத்துக்கு வழியில்லை. பணம் கொடுக்கும் இடத்தில் போய் நிற்கும்போது அந்தச் சீட்டு செல்லுமா செல்லாதா என்பதுதான் செய்தியாக இருந்திருக்க வேண்டும். செல்லுபடியானால் பையன் கணக்கில் இருக்கிறான்.

* * *

அடுத்து தபால் வருகிறது. 1854இல் நாடு முழுக்க ஒரே கட்டணம்: அரை அணாவுக்கு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஒரு கடிதம். இரண்டே வருஷத்தில், 1856இல், பாரசீக வளைகுடாவில் உள்ள புஷயருக்குப் போன படையோடு இந்தியாவின் முதல் களத் தபால் நிலையமும் போனது. 1879இல் கால் அணா தபால் அட்டை. 1880இல் மணியார்டர். 1870களிலேயே மதராஸிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. தபால் பை ரயிலில் வந்து நம் ஸ்டேஷன்களில் இறங்கியது.

மணியார்டர் பாரம் நினைவிருக்கிறதா? என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டீர்கள். அதன் அடியில் நாலு வரி எழுதக் கொஞ்சம் இடம் இருக்கும். தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு அந்தத் துண்டைக் கிழித்துத் தருவார். பணம் செலவாகிவிடும், துண்டு சாமி படத்துக்குப் பின்னால் போய்விடும்.

ஆனால் தபால் நம் கிராமத்து வாசலுக்கு வந்து சேர்ந்த அதே நேரத்தில் ராணுவம் நம்மை வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தது. 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர்கள் போருக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார். அவரே பிறகு இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியானார். 'போர் இனங்கள்' என்று ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு பஞ்சாப், நேபாளம், எல்லைப்புற மாகாணம் என்று வடக்கே ஆள் எடுத்தார்கள். மதராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. வந்தவாசியிலும் ஜாவாவிலும் தேவைப்பட்ட ஆள் திடீரென்று எப்படி லாயக்கில்லாமல் போனான் என்று யாரும் கேட்கவில்லை போல.

1914இல் போர் வந்ததும் கொள்கை கொஞ்சம் இளகியது. ஆள் தேவைப்பட்டால் எல்லோரும் வீரர்கள்தானே! முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் சுமார் 13 லட்சம் பேர். திரும்பாதவர்கள் 70,000க்கும் மேல்.

வேலூர் லாங் பஜாரில் உள்ள மணிக்கூண்டை விழுப்புரம், காட்பாடி லைனில் போகிறவர்கள் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். ஒரு கல்வெட்டு இருக்கிறது. வேலூரிலிருந்து போருக்குப் போனவர்கள் 277 பேர், உயிர் விட்டவர்கள் 14 பேர் என்று சொல்கிறது. இதே மாதிரி, எண் மட்டும் மாறி, தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் கல் இருக்கிறது.

சொன்ன கணக்கு இங்கேதான் வருகிறது. 277இல் 14 போனால் 263. கல்லைச் செதுக்கியவர் பார்வையில் 263 வீட்டுக்கு நஷ்டம் இல்லை. ஆனால் அந்த நாலு வருஷமும் அந்த 14 வீடு எது என்று யாருக்குத் தெரியும்? 277 வீட்டிலும் ஒரே மாதிரிதான் இரவு போயிருக்கும். போர் முடிந்த பிறகுதான் 14 தனியாகவும் 263 தனியாகவும் பிரிகிறது. காத்திருந்த கணக்கில் கழித்தலே கிடையாது, 277தான். அதை எந்தக் கல்லிலும் செதுக்கவில்லை.

* * *

சரி, அந்தக் கடிதங்கள் எல்லாம் என்ன ஆயின?

முதல் உலகப் போரின்போது பிரான்சில் இருந்த இந்தியப் படைகளின் கடிதங்களைப் பிரித்துப் படிக்க ஒரு தணிக்கை அலுவலகமே இருந்தது. பூலோன் என்ற துறைமுக ஊரில் பல காலம் இயங்கியது. வீரர் ஊருக்கு எழுதியது, ஊரிலிருந்து வீரருக்கு வந்தது, இரண்டையும் பார்த்தார்கள். முக்கியம் என்று தோன்றியதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அறிக்கையில் சேர்த்தார்கள். அந்த அறிக்கைகள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. டேவிட் ஒமிஸ்ஸி என்ற ஆய்வாளர் 1999இல் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து ஒரு புத்தகமே போட்டார். பிரான்சுக்குப் போனவர்கள் பெரும்பாலும் வடக்கத்தி வீரர்கள் என்பதால் கடிதங்களும் பெரும்பாலும் அவர்களுடையவை.

இதைவிட உறுத்தலான ஒன்று பெர்லினில் இருக்கிறது. ஜெர்மனியில் வுன்ஸ்டார்ஃப் என்ற இடத்தில் சிறை முகாமில் இருந்த இந்திய வீரர்களை 1915க்குப் பிறகு அறிஞர்கள் ஒலிப்பெட்டியின் முன் பேச வைத்துப் பதிவு செய்தார்கள். மொழி ஆராய்ச்சிக்காகவாம். மால் சிங் என்ற பஞ்சாபி வீரர் 1916 டிசம்பரில் ஒரு நிமிஷத்துக்கும் சற்றே அதிகமாகப் பேசுகிறார். தன்னைப் பற்றியே யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்கிறார்: ஊரில் வெண்ணெய் தின்று வளர்ந்த ஒருவன் இங்கே வந்து மாட்டிக்கொண்டான், திரும்பிப் போக ஆசைப்படுகிறான் என்று. அந்தக் குரல் நூறு வருஷம் கழித்தும் கேட்கிறது. அதற்காக ஏங்கிய வீட்டுக்கு அன்று அது போய்ச் சேரவில்லை.

யோசித்துப் பாருங்கள். பெற்றவர்கள் காத்திருந்த கடிதத்தையும் குரலையும் பாதுகாத்து வைத்தவர்கள் யார்? கடிதத்தைப் பிரித்துப் பார்த்த அதிகாரியும் கைதியை ஆராய்ந்த பேராசிரியரும்தான். வீட்டுக்கு வந்து சேர்ந்த காகிதம் எங்கே? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், கடைசியில் மறுபடி வருகிறேன்.

* * *

போர் முடிந்ததும் பழைய கதை. 1928இல் மதராஸின் கடைசிக் காலாட்படைப் பட்டாளத்தையும் கலைத்துவிட்டார்கள். பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சேப்பர்ஸ், அதாவது பாலம் போட்டு, பாதை வெட்டி, கண்ணிவெடி எடுக்கும் பிரிவு மட்டும் தப்பியது. 'தம்பிகள்' என்று ராணுவம் முழுக்கப் பெயர் வாங்கியவர்கள் இவர்கள்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் மறுபடி நம் ஞாபகம் வந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்ட்டைத் திரும்ப எழுப்பினார்கள். மொத்தத்தில் 25 லட்சம் பேர் கொண்ட படை. அதில் தமிழர்கள் பல்லாயிரம். செங்கல்பட்டு மாவட்டத்தில் அப்போது இருந்த கீழ ஒட்டிவாக்கத்துக்காரர் சுபேதார் சுப்பிரமணியன். 1944 ஜூன் 24 அன்று இத்தாலியில், வெடிக்கப் போன கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். இத்தாலி எந்தத் திசையில் இருக்கிறது என்று அந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

அதைவிடக் கொடுமையான காத்திருப்பு கிழக்கே. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர்களிடம் விழுந்தது. சுமார் 40,000 இந்திய வீரர்கள் அங்கே கைதானார்கள். அன்றோடு தபால் நின்றது. வீட்டுக்குத் தெரிய வந்ததெல்லாம் 'காணவில்லை' என்ற ஒரு சொல். இறந்தான் என்றால் அழுது தீர்க்கலாம், காரியம் பண்ணலாம். காயம் என்றால் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று நினைக்கலாம். 'காணவில்லை' என்றால் என்ன செய்வது? தாலியைக் கழற்றுவதா வேண்டாமா? அக்கா கல்யாணத்தை நடத்துவதா தள்ளிப்போடுவதா? ஜப்பானியர் கைதிகளை எப்போதாவது ஒரு அட்டை எழுத விட்டார்கள், அதிலும் 25 வார்த்தைதான். மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் தாமதமாகத்தான் வந்தது. வராமலே போனதும் உண்டு. 1945 செப்டம்பர் வரை மூன்றரை வருஷம் இப்படி. மலேயாவுக்குத் தோட்ட வேலைக்கும் கடை வேலைக்கும் போயிருந்தவர்களின் வீடுகளிலும் இதே நிலைமை. சில வீடுகளில் ஒரு மகன் பட்டாளத்தில், இன்னொரு மகன் ரப்பர் தோட்டத்தில் என்று இரண்டு மடங்கு.

* * *

இனி சுதந்திர இந்தியா, எங்கள் தாத்தா.

மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் பயிற்சி மையம் 1947இல் நீலகிரி வெலிங்டனுக்குப் போனது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலில் குன்னூர் தாண்டியதும் வரும் ஸ்டேஷன். 1948இல் '56 ஏ.பி.ஓ.' என்ற முகவரி வந்தது. வீரர் காஷ்மீரில் இருந்தாலும் வேறு எங்கே இருந்தாலும் பெயர், எண், பிரிவு, கடைசியில் 56 ஏ.பி.ஓ. என்று எழுதினால் போதும். பிறகு கிழக்குப் பகுதிக்காக 99 ஏ.பி.ஓ. சேர்ந்தது. 1972 மார்ச் 1 அன்று ராணுவத் தபால் சேவை தனிப் பிரிவாகவே ஆனது. படை எங்கே நிற்கிறது என்று எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதுதான் இந்த முகவரியின் ரகசியம். பெற்றவர்களுக்கும் தெரியாது என்பது கூடவே வந்த விளைவு. எங்கள் ஊரில் ரொம்ப நாள் வரைக்கும் ஐம்பத்தாறு ஏபிஓ என்பது வடக்கே இருக்கிற ஒரு பெரிய ஊர், எல்லாப் பட்டாளத்துக்காரர்களும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம்!

1962இல் சீனாவோடு நடந்த போருக்குப் பிறகு ராணுவத்தைப் பெரிதாக்கினார்கள். அந்த அலையில் 1963இல் சேர்ந்தவர் எங்கள் தாத்தா. வீட்டில் முழுசாகச் சொல்லாமலே போனார். பயிற்சி முகாமிலிருந்து மூன்று மாதம் தகவல் இல்லை. கொள்ளு ஆயா தினமும் தபால்காரரை வழிமறித்தது அப்போதுதான்.

கடைசியில் ஒரு நீல இன்லேண்டு லெட்டர் வந்தது. தபால்காரரே உட்கார்ந்து படித்துக் காட்டினார். நலம், நலமறிய ஆவல். சாப்பாடு நன்றாக இருக்கிறது. குளிர் பழகிவிட்டது. செவலைப் பசு கன்று போட்டதா? அவ்வளவுதான். எல்லோருக்கும் சந்தோஷம். கொள்ளு ஆயா மட்டும் கடிதத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இது எம்புள்ள எழுத்து இல்ல" என்று ஓவென்று அழுதாராம். ஆயாவுக்கு ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. ஆனால் மகன் சிலேட்டில் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர். எழுத்து எப்படிச் சாயும், எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்பது புரியாது, யார் எழுதியது என்பது புரியும்!

லீவில் வந்தபோதுதான் தாத்தா உண்மையைச் சொன்னார். கயிறு ஏறும் பயிற்சியில் இரண்டு உள்ளங்கையும் உரிந்துபோய் பேனா பிடிக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லி எழுத வைத்திருக்கிறார். கையைப் பற்றி எழுதாதே என்றும் சொல்லியிருக்கிறார்.

பட்டாளத்துக் கடிதங்களில் ஏன் ஒன்றுமே இருப்பதில்லை என்பதற்கு எனக்கு இதில் விடை கிடைத்தது. அங்கே நடப்பதைச் சொல்ல அந்தக் கடிதங்களை யாரும் எழுதவில்லை. "இருக்கேன்" என்று சொல்லத்தான் எழுதினார்கள். மாடு, மழை, நலமறிய ஆவல் எல்லாம் அந்த ஒரு சொல்லைச் சுற்றிக் கட்டிய காகிதம்.

* * *

அதே காலத்தில் எல்லோரும் பயந்த இன்னொரு காகிதம் தந்தி. நம் கிராமங்களில் தந்தி என்றால் சாவு என்றுதான் அர்த்தம். பிரிப்பதற்கு முன்னாலேயே அழுகை தொடங்கிவிடும். 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடியபோது பத்திரிகைகள் உருகி உருகி எழுதின. பட்டாளத்து வீடுகளில் யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தொலைபேசியும் டிவியும் வந்தால் காத்திருப்பு தீர்ந்துவிடும் என்று தோன்றும். 1999 கார்கில் அப்படி இல்லை என்று காட்டியது. திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன், பீகார் ரெஜிமெண்ட்டின் முதலாம் பட்டாலியனில் இருந்தவர், மே 29 அன்று படாலிக் பகுதியில் வீரமரணம் அடைந்தார். சண்டை நடந்த இடம் எதிரியின் கண்காணிப்பில் இருந்ததால் உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. செய்தி வந்துவிட்டது, பிள்ளை வரவில்லை. தினமும் டிவியில் அந்த மலையைக் காட்டுகிறார்கள். பிறகு அவருக்கு வீர் சக்ரா விருது கொடுத்தார்கள். திருச்சியில் நினைவிடமும் இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்கு என்ன பெயர் வைப்பது?

* * *

இப்போது எங்கள் தம்பி கதை.

அக்னிபத் திட்டம் 2022 ஜூனில் அறிவிக்கப்பட்டது. நாலு வருஷப் பணி. அதற்குப் பிறகு அதிகபட்சம் நாலில் ஒருவருக்குத்தான் ராணுவத்திலேயே தொடர வாய்ப்பு. ஆகவே இந்தத் தலைமுறை அம்மாக்களுக்கு இரண்டு காத்திருப்பு: பையன் எப்போது பேசுவான், நாலு வருஷம் கழித்து என்ன ஆவான். இரண்டாவதைப் பற்றி இன்னொரு நாள் தனியாக எழுதுகிறேன்.

பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. நானும் அங்கே இருந்தேன். மொத்தம் நாலு நிமிஷம். பெரியம்மா சாப்பிட்டியா என்று மூன்று தடவை கேட்டார். அவன் மூன்று தடவையும் சாப்பிட்டேன் என்றான். போனை வைத்ததும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். பெரியம்மா மட்டும் "கொரலு கம்மியிருக்கு. அவனுக்கு ஒடம்பு சரியில்ல. சொல்ல மாட்டேங்குறான்" என்றார். எனக்குக் கொள்ளு ஆயா ஞாபகம் வந்துவிட்டது. மூன்று மாதம் பதினேழு நாளாகிவிட்டது. கையெழுத்து குரலாகிவிட்டது. மற்றபடி ஒன்றும் மாறவில்லை.

அன்றைக்குத் தாத்தாவின் அந்த இன்லேண்டு லெட்டரைப் பார்க்க வேண்டும் என்று பெரியப்பாவைக் கேட்டேன். டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் தாள்கள், ஒரு பெல்ட் பக்கிள். கடிதம் இல்லை. தாத்தா எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு இருந்ததாம். கொள்ளு ஆயா அத்தனையும் கயிறு கட்டி வைத்திருந்தாராம். அவர் போன பிறகு, வீட்டை இடித்துக் கட்டிய வருஷம், போகியில் பழைய பாயோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள். "கரையான் அரிச்சிருந்துச்சுப்பா, யாருக்குத் தெரியும்?" என்றார் பெரியப்பா. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அந்தச் சாயாத எழுத்தும், உரிந்த உள்ளங்கையும், செவலைப் பசுவும் இப்போது வாய்வார்த்தையாக மட்டும்தான் இருக்கின்றன. பெரியம்மா சொல்லாமல் விட்டிருந்தால் அதுவும் இல்லை.

முன்னால் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். லண்டனில் அதிகாரி படித்த கடிதம் நூறு வருஷமாகப் பத்திரமாக இருக்கிறது. அம்மா கட்டி வைத்த கடிதத்தை நாமே போகியில் கொளுத்துகிறோம். பிறகு சரித்திரத்தில் நம்மைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று கோபப்படுகிறோம். ரெஜிமெண்ட் தன் சரித்திரத்தைப் பார்த்துக்கொள்ளும். காத்திருந்தவர்களின் சரித்திரம் நம் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. அதற்கு வேறு நகல் கிடையாது.

அதனால் ஒரு வேண்டுகோள். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி, உங்கள் வீட்டில் தாத்தாவோ மாமாவோ பட்டாளத்தில் இருந்திருந்தால், வருகிற போகிக்கு முன்னால் பரணில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். நீலக் காகிதம், மணியார்டர் துண்டு, எது கிடைத்தாலும் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். படிக்கக்கூடிய பெரியவர் யாராவது இருந்தால் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். "மாடு கன்று போட்டதா?" என்று மட்டும் இருந்தாலும் பரவாயில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் அந்த வீட்டில் அன்று ராத்திரி எல்லோரும் தூங்கியிருப்பார்கள்.

தம்பிக்கு இன்னும் பயிற்சி முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரியம்மா இப்போதே போனை சார்ஜில் போட்டுவிட்டார்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.